காவல் முக்காலி

வெள்ளிக்கிழமை காலைகளில் ரெமிஜியுஸ் தன் இடது கையைக் கழற்றி உப்புக் கரைசலில் ஊறப்போடுவது வழக்கம். நிலவில் இருக்கும் புதுத்துறையில் பாதி வீடுகளில் அந்நேரம் அதேதான் நடக்கும். சிலர் கையை ஊறப்போடுவார்கள், சிலர் முழங்காலை. தோலுறை இளகி, விரல் மூட்டுகளில் புகுந்த நிலாத்தூசி அடியில் படிந்துவிட்டால் அப்புறம் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. இட்லித் தட்டுக்கு இடம் வேண்டும் என்று அவர் மனைவி லீமா ரோஸ் கை கிடக்கும் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைப்பாள். அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது.

நிலவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களுக்கு உடம்பில் சொந்தமாக மிஞ்சுவது கொஞ்சம்தான். எடை குறைந்த ஊரில் எலும்பு உளுத்துப்போகும். ஊரை மூடியிருக்கும் வளிக்கூட்டுக்குள் அடைத்துவைத்த காற்று நுரையீரலைத் தின்றுவிடும். கெட்டுப்போனதை ஊர் மன்றம் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்கும். ரெமிஜியுஸுக்குக் கையில் தொடங்கி முழங்கால், இடுப்பு, ஈரல், ரத்தம், கண் என்று போய், போன மாதம் காதும் மாற்றியாயிற்று. பல் கட்டிக்கொள்வதைப் போலத்தான், இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அவருடைய உயிர் இருந்ததெல்லாம் பேஸ் கிட்டார்களில். காற்றுக்குழாய் மேற்பார்வை வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிடும். ஊரில் யாருடைய கிட்டாருக்குக் கழுத்து வளைந்தாலும், வார்னிஷ் உரிந்தாலும், பிக்கப் செத்தாலும் அது இந்த மேசைக்குத்தான் வந்து சேரும். கம்பியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்கும் அந்தக் காந்தச் சுருளைப் பிரித்து, தலைமுடி போன்ற செப்புக்கம்பியைத் திரும்பச் சுற்றுவதில் அவருக்குக் கிடைக்கும் நிம்மதி ஞாயிறு பூசையில்கூடக் கிடைப்பதில்லை என்று லீமா பங்குச்சாமியாரிடமே சொல்லியிருக்கிறாள்.

வேலைக்குக் கையாள் செப்பன். வீட்டில் எதையும் செப்பனிடும் எந்திரனுக்குப் புதுத்துறையில் அதுதான் பெயர். அது வேலை செய்யும்போது ரெமிஜியுஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். எந்தத் திருகு எங்கே போகிறது, கழற்றிய பிக்கப்பேதான் திரும்ப ஏறுகிறதா என்று கண் வாங்காமல் பார்ப்பார். தூத்துக்குடியில் அவருடைய அப்பா வண்டியைப் பழுது பார்க்க விட்டால் மெக்கானிக்கின் பக்கத்தில் அப்படித்தான் உட்காருவாராம். கண் அசந்தால் அசலை உருவிக்கொண்டு போலியை மாட்டிவிடுவார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் மாறாத வேதம். ரத்தத்தில் வந்த குணம். ரத்தத்தை மாற்றிய பிறகும் போகவில்லை.

"ஒன்மேல சந்தேகம்லாம் இல்லலே," என்பார் செப்பனிடம். "சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"சரி அண்ணாச்சி," என்னும் செப்பன். பூமியில் தயாராகி வந்தபோது அது நல்ல செய்தித் தமிழ் பேசியது. இவரோடு இருந்து இருந்து பேச்சு இப்படி ஆகிவிட்டது.

அந்தச் செப்பனுக்கு அவர் இதுவரை ஓர் உதிரிப்பாகம்கூட வாங்கியதில்லை. கடையில் கிடைப்பதெல்லாம் போலி என்பது அவர் முடிவு. தேய்ந்த பாகத்தையே தட்டி, பற்றவைத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டிவிடுவார். அதனால் அது நடந்தால் அம்மிக்கல்லை இழுக்கிற சத்தம் வரும்.

போலிப் பயம் அவருக்கு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. எதையும் அச்சுப்பொறியில் அடித்து எடுத்துவிடலாம் என்றாகிவிட்ட ஊரில் பூமியிலிருந்து வந்த பொருளுக்குத் தனி மவுசு. ஆகவே ஊர் மன்றம் அசல் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பூமியிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும், பாதிக்கு மேல் வந்தபடியே இருக்கவேண்டும், அதுதான் அசல். மாதா திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் அசல் வாத்தியம் மட்டுமே வாசிக்கலாம். ஊரில் இருந்த ஒரே அசல் பேஸ் கிட்டார் ரெமிஜியுஸோடு அதே கப்பலில் வந்தது. அவரை வாசிப்பில் தூக்கிச் சாப்பிடுகிற இளவட்டங்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் அவர்கள் வைத்திருந்தவை அச்சுக் கிட்டார்கள். அந்த ஒரு கிட்டார் கையை விட்டுப் போனால் ரெமிஜியுஸும் சப்பரத்தை வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒருவர். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்தச் சட்டம் வந்த கூட்டத்தில் அவரே எழுந்து ஒரு திருத்தம் சொன்னார். "பொருள மட்டும் சோதிச்சாப் போதுமா? நாளைக்கு அச்சுல அடிச்ச பொம்ம ஒண்ணு வந்து, இது என் கிட்டாருன்னு நின்னா என்ன செய்வீய? கேட்டு வாரவனும் அசலான்னு பாக்கணும்." எல்லாரும் கைதட்டினார்கள். திருத்தம் அப்படியே சட்டத்தில் ஏறியது. வீட்டுக்கு வந்து லீமாவிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

வம்பு வார்னிஷில் ஆரம்பித்தது. திருவிழா நெருங்குகையில் கிட்டாரின் முதுகில் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. வளிக்கூட்டுக்குள் வார்னிஷ் வாடை கலந்தால் எல்லார் மூச்சுக்கும் கேடு. அதற்காக ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு பூச்சறை இருந்தது. உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை, எட்டிப் பார்க்க ஜன்னலும் இல்லை. எந்திரன்கள் மட்டும் போகலாம். இதுவரை அடுத்தவர்களுடைய கிட்டார்கள்தான் அங்கே போய் வந்தன. தன்னுடையதை அனுப்பவேண்டி வந்தபோதுதான் ரெமிஜியுஸுக்கு அது உறைத்தது. முக்காலிக்கு அங்கே இடமில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறோமோ என்று யோசித்தார். கடைசியில், செப்பன் பார்க்காத சமயம் பிக்கப்பைக் கழற்றி, அதன் அடியில் மரத்தில் ஊசியால் சின்னதாக ஒரு சிலுவையைக் கீறி, பழையபடி மூடிக் கொடுத்தார்.

கிட்டார் புதுமாப்பிள்ளை போல மினுக்கிக்கொண்டு திரும்பி வந்தது. ரெமிஜியுஸ் இடது கையை மாட்டிக்கொண்டு, கிட்டாரை ஒலிபெருக்கியில் சொருகி, தடித்த கம்பியை ஒரு சுண்டு சுண்டினார். முன்பெல்லாம் அடிவயிற்றில் இறங்கி உறுமும். இப்போது தகர டப்பாவைத் தட்டியதுபோல் இருந்தது.

"என்னலே செஞ்ச?"

"வார்னிஷ் மட்டுந்தான் அண்ணாச்சி. உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சேன். பிடிக்கலியா?"

அவர் செப்பனைக் குழாய் பார்க்க அனுப்பிவிட்டு, அவசரமாகப் பிக்கப்பைக் கழற்றினார். அடியில் மரம் வழவழவென்று இருந்தது. சிலுவை இல்லை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பக்கத்து வீட்டுக் கஸ்பாரின் மகனும் பேஸ் வாசிப்பவன். அவர்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்யப் போன வாரம் செப்பன்தான் போனது. சுவரில் காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் நன்றாகவே உறுமியது. போதாதா? மனதுக்குள் திருட்டு முழுவதும் படமாக ஓடியது. ஒரே கப்பலில் வந்த எந்திரன், வீட்டில் ஒருவனாக வைத்திருந்த எந்திரன், இப்படிச் செய்துவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

"எனக்கு அதே சத்தமாத்தான் கேக்குது," என்றாள் லீமா. "காது மாத்துன அன்னைக்கு என் கொரலே வேற மாதிரி இருக்குன்னு சொன்னீய. அதுக்கப்புறம் இந்தக் கிட்டாரத் தொட்டதே இப்பத்தான். மறந்துட்டீயளா?"

"புதுக் காது நல்லாக் கேக்குது. அதான் போலி எதுன்னு தெரியுது."

"அப்பிடின்னா செப்பன்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

"திருடன்ட்டயே போய்க் கேக்கச் சொல்லுதியா?"

மறுநாள் கிட்டாரைச் செப்பன் கையிலேயே கொடுத்து, காரணம் சொல்லாமல், அசலா போலியா என்று சோதித்துச் சொல்லும் அசல் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திருட்டு உறுதியானால் எந்திரனின் நினைவை முழுக்கத் துடைத்துவிடுவார்கள். அதுவும் அவருக்குத் தெரியும். வழியில் ஒரு குறுகிய கதவில் கிட்டாரின் தலை இடிக்காமல் செப்பன் தன் முழங்கையைக் குறுக்கே கொடுத்தது. பொல்லாத நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

காப்பகத்தில் இருந்த அதிகாரி பிரகாசி அவருக்குத் தெரிந்த வீட்டுப் பெண்தான். புகாரைக் கேட்டுவிட்டுக் கிட்டாரைச் சோதனைப் பெட்டிக்குள் வைத்தாள். மரத்தில் எந்த மண்ணின் சத்து ஏறியிருக்கிறது, உலோகம் எங்கே உருகியது என்று அது சொல்லிவிடும். ரெமிஜியுஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"அசல்தான் அண்ணாச்சி. ஒடம்பு, கழுத்து, பிக்கப்பு எல்லாம் பூமியில செஞ்சது. ஒண்ணும் மாறல."

"அப்ப நான் போட்ட குறி எங்க? பிக்கப்புக்கு அடியில சிலுவ கீறியிருந்தேன்."

செப்பன் தலையைத் திருப்பியது. "அது நீங்க கீறுனதா அண்ணாச்சி? பூச்சுக்கு முன்னால பிக்கப்பக் கழத்தும்போது பாத்தேன். யாரோ வெவரம் இல்லாதவிய அசிங்கமாக் கீறி வச்சிருக்காவன்னு நெனச்சேன். மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சுத் தேச்சு விட்டுட்டேன். தெரியவே தெரியாதுல்லா?"

அதன் குரலில் நல்ல வேலை செய்த திருப்தி இருந்தது. ரெமிஜியுஸுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிது. கிட்டார் அவருடையதேதான், சப்பரத்துக்குப் பின்னால் இடமும் பத்திரம். கையை நீட்டினார்.

பிரகாசி கிட்டாரைக் கொடுக்கவில்லை. "அந்தச் சோதனை வளைவத் தாண்டி வாங்க அண்ணாச்சி. வாங்குத ஆளையும் சோதிக்கணும்."

அவர் தாண்டினார். வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாதிக்கு ரொம்பக் கீழ இருக்கீய," என்றாள் பிரகாசி. "நீங்க அசல் இல்ல அண்ணாச்சி."

"ஒன் அப்பா கல்யாணத்துல இதே கிட்டார வாசிச்சவன் நான், தாயி."

"தெரியும். அசல் ரெமிஜியுஸக் கூட்டிட்டு வாங்க, கையோட குடுத்திருதேன்."

"நாந்தானே ரெமிஜியுஸ்?"

"வாரவிய எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ."

"அப்ப நீ மட்டும் அசலா?"

"நான் இங்கயே பொறந்தவ, சட்டப்படி நானும் இல்லதான். ஆனா நான் கிட்டாரு கேக்கலியே."

லீமாவும் நிலவில் பிறந்தவள்தான். அவளை அனுப்பியும் வாங்க முடியாது. ரெமிஜியுஸ் குரலை உயர்த்தினார். "இப்பிடி ஒரு சட்டத்த எந்த மடையன் போட்டான்?"

பிரகாசி சற்றுத் தயங்கினாள். பெரியவர் என்ற மரியாதை குரலில் இருந்தது. "நீங்கதான் அண்ணாச்சி. அது ஒங்க திருத்தம்."

என்ன தாமதம் என்று பார்க்க, அம்மிக்கல் சத்தத்தோடு செப்பன் நடந்து வந்தது. அது வளைவைத் தாண்டியதும் பச்சை விளக்கு எரிந்து மணியும் அடித்தது. அந்த மணி அடித்து நாளாகியிருக்கவேண்டும். காப்பகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு திருகுகூட மாறாத முழு அசல். போலிக்குப் பயந்து எதையுமே மாற்றாமல் வைத்திருந்த புண்ணியம் ரெமிஜியுஸையே சேரும். வாங்க வந்தவர் அசலாக இல்லாவிட்டால் பொருள் அதே வீட்டிலுள்ள வேறு அசலின் பொறுப்பில் போகவேண்டும் என்று சட்டத்தில் அடுத்து வந்தது. அவருடைய திருத்தத்துக்குக் கிடைத்த கைதட்டலில் அதை யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை. பிரகாசி கிட்டாரைச் செப்பனின் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது செப்பன் கிட்டாரோடு நடந்தது. ரெமிஜியுஸ் இப்போது முன்னால் நடக்கவில்லை, கொஞ்சம் பின்னாலேயே வந்தார். லீமா நடந்ததைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

கோளாறு கிட்டாரில் இல்லை, புதுக் காதில்தான் என்பதை இரண்டு நாளில் அவர் ஒப்புக்கொண்டார். பழைய காது திரும்ப வரப்போவதில்லை. கிட்டாரைத்தான் காதுக்கு ஏற்றபடி திருத்தவேண்டும். பிக்கப்பில் இன்னும் சில சுற்றுக் கம்பி ஏற்றினால் அந்த உறுமல் திரும்பிவிடும். திருவிழாவோ வந்துவிட்டது. ஆனால் கிட்டார் செப்பனின் பொறுப்பில் இருந்தது.

"செப்பா," என்று கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் வாயில் 'லே' வரவில்லை. "கிட்டாரக் கொஞ்சம் கழத்திப் பாத்துக்கிடட்டுமா? பிக்கப்ப மட்டுந்தான்."

செப்பன் கொஞ்சம் யோசித்தது. "பாருங்க அண்ணாச்சி," என்று கிட்டாரை மேசைமேல் வைத்தது. பிறகு மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. அதன் கண்ணாடிக் கண் அவர் விரல் போகிற இடமெல்லாம் கூடவே போனது.

"திருகு நாலு இருந்துச்சுல்லா?" என்று கேட்டது.

"நாலும் இந்தா இருக்குப்பா," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

பிக்கப்பைத் தூக்கினார். அடியில் அந்த வழவழப்பான மரத்தில், புதிதாக, சின்னதாக ஒரு சிலுவை இருந்தது. அவர் கீறியதைவிட நேராகவும் சுத்தமாகவும் இருந்தது. ரெமிஜியுஸ் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்கமேல சந்தேகம்லாம் இல்ல அண்ணாச்சி," என்றது செப்பன். "சும்மா ஒரு அடையாளத்துக்கு."