தாள மிஷின் காத்திருக்காது

ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பொத்தான்கள் நிறைந்த மேசை முன்னால் ஒலிப்பதிவாளர். அவரைப் பொத்தான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பக்கம், உயரமான நாற்காலியில் என் சித்தி. மூலையில், சுருட்டி வைத்த கம்பளத்தின் மேல் நான். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல், டிபன் டப்பா அளவில் ஒரு தாள மிஷின்.

அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காதாம்.

சித்தி வாசிப்பது ப்ரோக்ரெசிவ் ராக். அதில் ஒரு பாட்டு கதை மாதிரி நீளும். அமைதியாகத் தொடங்கும், திடீரென்று சண்டை போடும், பிறகு சமாதானமாகும். தாளமும் நாலு நாலாக நடக்காது. ஏழு ஏழாக நடக்கும். கூடவே கைதட்ட ஆரம்பிப்பவர்கள் பாதியில் திருதிருவென்று விழிப்பார்கள்.

கல்லூரி நாட்களில் சித்தி கிட்டார் மட்டும்தான் வாசித்தாள். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் திடீரென்று கப்பல் வேலைக்குப் போய்விட, மறுநாள் கச்சேரிக்கு ஆள் இல்லை. சித்தி அதையும் எடுத்துக்கொண்டாள். அன்று முதல் அவளுடைய வாத்தியத்துக்கு இரண்டு கழுத்து. மேலே பேஸுக்கான தடித்த நான்கு தந்திகள், கீழே கிட்டாரின் ஆறு தந்திகள். மேலே ஒரு சுரம் உறுமி அடங்குவதற்குள் அவள் விரல்கள் கீழே தாவிவிடும். மூன்று ஆல்பங்கள் வந்தன. பெரிய பெரிய மேடைகளில் வாசித்தார்கள்.

பிறகு பாடகர் போனார். கீபோர்டு வாசித்தவர் போனார். கடைசியில் மிஞ்சியவர் டிரம்ஸ் வாசித்த இடி மாமா.

போன வருடம் ஒரு கச்சேரியில் பாட்டு சொதப்பியது. எல்லார் முன்னாலும் சித்தி, "உனக்கு ஒரு மிஷினே தேவலை!" என்று கத்திவிட்டாள். இடி மாமா அன்றைக்கே டிரம்ஸை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போன் செய்தாலும் எடுப்பதில்லை.

அம்மா வேலை முடிந்து வரும்வரை நான் இங்கேதான். சிவப்பு விளக்கு எரிந்தால் பேசக்கூடாது, தும்மக்கூடாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

விளக்கு எரிந்தது. சித்தி வாசித்தாள். ஆறாவது அடி வரும்போது தந்தியை விரலால் வளைத்துப் பிடித்து, விட மனசில்லாதவள் மாதிரி கொஞ்சம் தாமதித்துத்தான் விடுவாள். அதுதான் அவள் பாணி. அதற்குள் மிஷின் 'டக்' என்று ஏழாவது அடிக்குப் போயிருந்தது.

"மறுபடியும் லேட் ஆயிடுச்சு அக்கா. மிஷினை மெதுவாக்கவா?" என்று கேட்டார் பொத்தான் அண்ணா.

"மெதுவாப் போனாலும் அது தன் பாட்டுக்குத்தானே போகும்?"

திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அறை வெறிச்சென்று ஆனது. கடைசியில் கிட்டாரைப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள்.

"போதும். என் கை போச்சு. இதை யாருக்காவது குடுத்துடறேன்."

நான் கம்பளத்திலிருந்து குதித்து எழுந்தேன்.

"கை போகல சித்தி. அது உனக்காகக் காத்திருக்க மாட்டேங்குது."

"மிஷின் எங்கேயாவது காத்திருக்குமா?"

"நான் காத்திருப்பேனே! தந்தியை விடறதுக்கு முன்னாடி உன் இடது தோள் லேசா ஏறும். அதைப் பாத்து அடிச்சா போதும்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"இங்க எனக்குப் பாக்க வேற என்ன இருக்கு?"

பொத்தான் அண்ணா தன் பிஸ்கட்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டு, காலி டின்னையும் இரண்டு பென்சில்களையும் உள்ளே கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். மிஷினை அணைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்; சித்தி கிட்டாரை மறுபடி எடுத்தாள்.

நான் ஒன்றும் அழகாக வாசிக்கவில்லை. முழங்கை வலித்தது. ஒரு பென்சில் பறந்து போய்க் கண்ணாடியில் மோதியது. ஆனால் ஆறாவது அடியில் காத்திருந்தேன். தோள் ஏறியது. தந்தி விடுபட்டது. அப்போதுதான் அடித்தேன். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள், நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை வாசித்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, ரெக்கார்டு பண்ணிட்டீங்களா?"

"டின் டிரம்மர் எனக்கு வேற எப்போ கிடைப்பாங்க?"

சித்தி சிரிக்கவில்லை. "அவனும் இதைத்தான் பண்ணிட்டிருந்தான்," என்றாள் மெதுவாக. "இத்தனை வருஷமும் எனக்காக நின்னு நின்னு வாசிச்சிருக்கான். நான்தான் கவனிக்கல."

"அதை மாமாகிட்ட சொல்லு."

"போனை எடுக்க மாட்டான்."

"லெட்டர் போடு. தபால்காரர் கொண்டுவந்து குடுத்தா வாங்கித்தானே ஆகணும்?"

சித்தி எழுதினாள், கசக்கினாள், மறுபடி எழுதினாள்.

"சித்தி, இதையும் உன் பாட்டு மாதிரி இழுக்காதே."

கடைசியில் இவ்வளவுதான் இருந்தது: 'நீ தப்பா வாசிக்கலை. நான்தான் தப்பா பேசிட்டேன். இதைக் கேட்டுப் பார்.' அதன் கீழே நான் எழுதினேன்: 'டின் அடிச்சது நான். முழங்கை ரொம்ப வலிக்குது. சீக்கிரம் வாங்க மாமா.'

மறுநாள் தபால் அலுவலகத்தில், பாட்டைப் பதிந்த பென்டிரைவையும் கடிதத்தையும் உறைக்குள் வைத்தோம். சித்தி பசை தடவி, விளிம்பை இரண்டு முறை அழுத்தி ஒட்டினாள்.

"உள்ளே என்னம்மா?" என்று கேட்டார் தபால் அலுவலர்.

"பாட்டு சார். பதினெட்டு நிமிஷம்," என்றேன்.

"அம்மாடி! அவ்வளவு நேரம் உட்கார்ந்து யாரு கேப்பாங்க?"

"ஒருத்தன் கேப்பான் சார்," என்றாள் சித்தி.

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைச் சாக்குக்குள் போட்டார்.