வெறுங்கையோடு நின்றவள்

காலையில் எடுத்த அச்சுப் படத்தில் அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். மத்தியானம் எடுத்த அச்சில் நிமிர்ந்து, நேராக ஹெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். லண்டன் வாரப் பத்திரிகைகளுக்காகப் பதினோரு வருடம் மரக்கட்டையில் படம் செதுக்கிச் செதுக்கி, பார்வை பாதி போய்விட்டது. வெளியே மஞ்சள் மூடுபனி ஜன்னலை அடைத்து நின்றது; தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை வழியாக விளக்கு வெளிச்சம் கட்டைமேல் சின்ன வட்டமாக விழுந்தது; மையும் ஈரக் கம்பளியும் கலந்து நாறின. வீட்டில் நாலு வயது மகள் டில்லி காய்ச்சலோடு தனியாகக் கிடந்தாள். கட்டையை முடிக்காமல் எழுந்தால் நாளைக்கு வேலை இருக்காது. வேறு வேலை தேடி அலைய உடம்பில் தெம்பும் இல்லை.

படத்தில் இருந்தது தர்மக் கஞ்சி ஊற்றும் கூடம். அண்டாவைச் சுற்றிக் கையுறை போட்ட சீமாட்டிகள்; சுவரோரம் ஏழைகளின் வரிசை. கடைசியில் கறுப்புச் சால்வையில் அந்தப் பெண். ஓவியர் நேரில் பார்த்து வரைந்தபோது அவள் கையில் செத்த குழந்தை இருந்ததாம். அதன் கன்னத்துக்கு மட்டும் ஹெஸ்டர் காலையில் ஒரு மணி நேரம் மெனக்கெட்டிருந்தாள்.

மேற்பார்வையாளர் கிரிம்ஷாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சீமாட்டிங்க டீ குடிச்சுக்கிட்டே பாக்குற படம்மா இது. பொணத்தைக் காட்டினா எவ தர்மம் குடுப்பா? புள்ளையை எடுத்துடு."

"அவ வெறுங்கையோட நிப்பாளேய்யா?"

"நின்னா நிக்கட்டும். கஞ்சிக்குக் கை ஏந்துறான்னு நெனச்சுக்குவாங்க."

செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாகிவிடும். அலுத்துப்போய் ஹெஸ்டர் உளியால் நாலு இழுப்பு இழுத்தாள், குழந்தை போயிற்று. பாவம்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அழக்கூடச் சக்தி இல்லை.

அதற்குப் பிறகு எடுத்த அச்சில்தான் அந்தப் பெண் நிமிர்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் கிரிம்ஷா மூன்றாவது அச்சோடு வந்தார். "என்னம்மா கூத்து இது? பொம்பளையவே காணோம்!"

"நான் அவளைத் தொடவே இல்லைய்யா."

கட்டையைத் தடவினாள். அந்தப் பெண் நின்ற இடத்தில் பள்ளம். பள்ளத்தில் ஈரம். புளித்த கஞ்சி வாடை.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் எங்கே போவாள் என்று ஹெஸ்டருக்குச் சட்டென்று புரிந்தது. டில்லி. தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினாள். கிரிம்ஷா பின்னால் கத்திக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் கீழ்வீட்டு நோரா மறித்தாள். "ஏன்டி இப்படி ஓடியாரே? நீ அனுப்பிச்ச பொம்பளைதான் மேல இருக்காளே!"

"எந்தப் பொம்பளை?"

"கறுப்புச் சால்வைக்காரி. 'என் புள்ளையை அவ எடுத்துட்டா, வாங்கிக்க வந்தேன்'னா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

மேலே ஏறினாள். ஒவ்வொரு படியிலும் ஈரக் கால்தடம். அதே வாடை. கதவு திறந்திருந்தது.

கட்டிலில் முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது. கைகள் நிறைந்திருந்தன.

"டில்லி! அம்மா வந்துட்டேன்டா கண்ணு..."

அவள் மெல்லத் திரும்பினாள். மடியில் டில்லி, கண் திறந்தபடி. அசைவில்லை. வெளுத்த கன்னத்தில் மயிரிழை மயிரிழையாகக் கறுப்புக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், அளவெடுத்தாற்போல.

காலையில் அந்தக் குழந்தையின் கன்னத்தை ஹெஸ்டர் அப்படித்தான் செதுக்கியிருந்தாள்.