பால் வற்றும் வரை

கதவு திறந்ததும் அவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்...?

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் ஐஸ் பெட்டியோடு நின்றுகொண்டு, "ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றேன். பாப்பா தூங்குதா? நான் மெதுவாவே பேசறேன்" என்று கிசுகிசுத்தாள்.

திறந்தவன் அவளையே பார்த்தான். பெரிய கண்கள்... பல நாள் தூங்காத கண்கள். கோபம் வருவதற்கு முன்னால் அந்தக் கண்களில் வேறு ஏதோ வந்து போனது. அது என்னவென்று அவள் புரிந்துகொள்வதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"பாப்பா பொறந்த மறுநாளே போயிடுச்சு. உங்க ஆஸ்பத்திரியிலதான். உங்களுக்குத் தெரியாதா?"

கதவு மூடிக்கொண்டது.

அவள் பிரசவ ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியில் நர்ஸ். பால் மிஞ்சுகிற தாய்மார்களின் வீடுகளுக்குப் போய் வாங்கி வந்து, பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்குச் சேர்ப்பது அவள் வேலை. வார்டில் எல்லோரும் வைத்த பெயர் பால்காரம்மா. இந்த வீட்டு அக்கா, வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வகுப்புக்கு வந்த காலத்திலேயே, எனக்கு மிஞ்சினால் கட்டாயம் தருவேன், வீட்டுக்கே வாருங்கள் என்று விலாசம் சொல்லியிருந்தாள். குழந்தை போன சேதி மேல் மாடிப் பிரசவ வார்டுக்குத் தெரியும். கீழ்த்தளத்துப் பால் வங்கிக்குத் தெரியாது. ஒரே கட்டடம்... ஒரே படிக்கட்டு... ஒரு வார்த்தை கீழே இறங்கி வரவில்லை.

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. திரும்பி ஓடத்தான் பார்த்தாள். அப்போது உள்ளே ஒரு பெண் யாருடா அது என்று முனகுவதும், யாரும் இல்லக்கா என்று அவன் பதில் சொல்வதும் கேட்டது. அந்த முனகலில் அவள் கால் நின்றுவிட்டது. துக்கத்தில் முனகுவது வேறு, வலியில் முனகுவது வேறு. இத்தனை வருஷ வேலையில் அந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் போகுமா? மறுபடியும் கதவைத் தட்டினாள்.

"என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அக்காவுக்கு நெஞ்செல்லாம் கல்லு மாதிரி இருக்கா? காய்ச்சல் அடிக்குதா?"

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

அக்கா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். இறுக்கிக் கட்டினால் பால் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மார்பைச் சுற்றித் துணியை முறுக்கிக் கட்டியிருந்தாள். பால் நிற்கவில்லை, கட்டிக்கொண்டது. பிள்ளை போனது உடம்புக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்குச் சுரந்துகொண்டேயிருக்கிறது. பிள்ளையோடு வீட்டுக்குப் போகிறவளுக்கு வாசல் வரைக்கும் வந்து புத்தி சொல்கிற ஆஸ்பத்திரி, பிள்ளையில்லாமல் போகிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒன்றுமே பேசாமல் அனுப்பிவிட்டது. பால்காரம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் அவள் சம்பளம் வாங்குகிற ஆஸ்பத்திரி.

கட்டை அவிழ்த்தாள். குளிர்ந்த ஈரத்துணி போட்டாள். வலி தணிகிற அளவுக்கு மட்டும் கையால் பாலை எடுத்துவிட்டாள். டாக்டரிடம் போனில் பேசி மருந்து கேட்டாள். தம்பி குடையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடி வாங்கி வந்தான். உடம்பு கொஞ்சம் இளகியதும் அக்கா அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு, வீடே கேட்கும்படி... அவன் பதறிப்போய் உள்ளே வந்தான். பால்காரம்மா குறுக்கே நின்றாள்.

"அழட்டும். நீங்க எல்லாத்தையும் ஒளிச்சு வச்சீங்க, ஒரு குட்டிச் சட்டைகூடக் கண்ணுல படல. அழறதுக்கும் இடம் இல்லாம போச்சு அவங்களுக்கு."

உண்மைதான். தொட்டிலையும் குட்டிச் சட்டைகளையும் பரண்மேல் போட்டவன் அவன். ஆறுதல் சொல்ல வந்தவர்களை வாசலோடு அனுப்பியவனும் அவன்தான். அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள் அக்கா. அவளுடைய புருஷன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தார். அக்காவைக் காப்பாற்ற வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. வாசல் நடைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். அவனும் அழுதான் என்பதை அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் போய்ப் போய்ப் பார்த்தாள். அக்கா எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, இதை வீணாகக் கொட்டுகிறோமே, கொடுக்கலாமா என்பதுதான். தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டதெல்லாம் போதாதா, இன்னும் இவளிடமிருந்து வாங்க வேண்டுமா என்று பால்காரம்மாவை முறைத்தான். தான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன் என்றாள் அவள். அக்காதான் முடிவு கட்டினாள்.

"என் பொண்ணுக்குன்னு வந்ததுடா. அவ குடிக்கல. வேற ஒரு புள்ளையாவது குடிக்கட்டுமே."



மருந்து முடிந்து, ரத்தப் பரிசோதனையும் ஆன பிறகு, பாலைக் கொண்டுவரும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். கடைவீதியில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடை திறக்கப் போகிற வழியில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து, "சிஸ்டர், இந்தாங்க" என்று நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். இப்படியே சில நாள் போனது. ஒரு நாள் நின்றுவிட்டான்.

"உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"மாட்டியிருக்கறவங்களுக்குத் தெரியாது. எதிர்ல நிக்கறவனுக்குத்தான் கஷ்டம்."

"அப்ப நீங்க கொஞ்சம் சாஞ்சு நின்னுக்கோங்க."

அவன் சிரித்தான். அட, இந்தக் கண்களுக்குச் சிரிக்கவும் தெரியுமா... அவள் கழற்றிக் கொடுத்தாள். அவன் கட்டைவிரலால் லேசாக வளைத்து, ஊதித் துடைத்துத் திருப்பித் தந்தான். மாட்டிக்கொண்டதும் முதலில் தெளிவாகத் தெரிந்தது அவன் முகம்தான். சரி, வம்பை விலைக்கு வாங்கியாச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவன் அவளைச் சிஸ்டர் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாங்க", "வந்து" என்றெல்லாம் இழுத்தான். பால் வங்கியில் இருந்த மூத்த நர்ஸ் இதைக் கவனிக்காமல் விடுவாளா? கண்ணாடிக்காரர் வந்தாச்சு, யாருக்கோ பார்வை மங்குது என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவாள்.

குறைமாதக் குழந்தைகளின் அறைக்கு வெளியே கண்ணாடிச் சுவர் உண்டு. அவன் அங்கே கொஞ்ச நேரம் நிற்பான். அக்காவின் பால் இதில் யாருக்கு என்று ஒரு தடவை கேட்டான். சொல்லக் கூடாது, அது விதி என்றாள். அவன் மறுபடியும் கேட்கவில்லை. எல்லாரும் நல்லா வளரட்டும் என்று மட்டும் சொன்னான்... அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவன்மேல் வந்ததற்கு இன்னதுதான் பேர் என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்துபோனது.

இதற்கிடையில் அவள் பெரிய டாக்டரிடம் போய் ஒற்றைக்காலில் நின்றாள். குழந்தை தவறினால் அன்றைக்கே கீழ்த்தளத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பால் கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு வீட்டுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஆள் இல்லை, யார் செய்வது என்று டாக்டர் சலித்துக்கொண்டார். நானே செய்கிறேன் என்றாள். அப்படித்தான் காலையில் அவள் மேல் மாடிக்குப் போக ஆரம்பித்தாள்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள், பெட்டியைக் கொடுத்த பிறகும் அவன் நகரவில்லை. பால் நின்ற பிறகும் தான் இங்கே வரலாமா என்று கேட்டான். வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்... ஆனால் பயம் முந்திக்கொண்டது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! உங்களை மறக்கவே மாட்டோம் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள், பிறகு தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாமல் போவார்கள். இவனும் ஒரு நாள் அப்படிப் போனால் அதைத் தாங்க அவளால் ஆகாது.

"இது நன்றிங்க. கஷ்டத்துல கூட நின்னவங்க மேல வர்ற நன்றி. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

அவன் முகம் கறுத்துவிட்டது. "ஏதோ காய்ச்சல் மாதிரி சொல்றீங்க" என்றான். போய்விட்டான்.

மறுநாள் பெட்டி மட்டும் வாட்ச்மேன் கையில் வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அவள் திறந்து பார்ப்பாள். பாட்டிலில் பால் நாளுக்கு நாள் குறைந்தது. குறையத்தான் வேண்டும். திடீரென்று நிறுத்தினால் மறுபடி கட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே. நர்ஸாக அவளுக்குச் சந்தோஷம். ஆனால் பாட்டிலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு தாயின் வலி தீர்கிறது, எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் பெட்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கு மறுநாள் காலை, மேல் மாடியில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பெண்ணின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கண்கள் சிவக்கக் கீழே வந்தாள். பால் வங்கி வாசலில் அவன் நின்றிருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னான். கழுவிக் காயவைத்த பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை. அவள் வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அவன் அங்கேயே நின்றான்.

"அன்னைக்கு நன்றின்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பினேன்" என்றான். குரல் கம்மியது. "ஆனா நன்றி மட்டும் இருக்கறவன், அக்காவுக்குப் பால் வத்திடுச்சுன்னா நிம்மதியாத்தானே இருக்கணும்? அவ பாட்டில் காலியாயிடுச்சுடான்னு காட்டினப்ப, எனக்கு இனிமே இங்க வர முடியாதேன்னு இருந்துச்சு. அவ வலி தீர்ந்ததுக்கு நான் வருத்தப்படறேன்... இப்படியும் ஒரு தம்பியான்னு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அவ என் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா. பாப்பா போனதுக்கப்புறம் இப்பதான் சிரிக்கறா. போடா, போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுன்னா."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இனி அது போட்டிருந்தும் பிரயோசனமில்லை, எல்லாம் கலங்கித்தான் தெரிந்தது.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

"எப்படி?"

"பாட்டில் குறையக் குறைய... அழுகையா வந்துச்சு. குறைக்கச் சொன்னதே நான்தான். யார்கிட்ட போய்ச் சொல்ல முடியும் இதை?"

மூத்த நர்ஸ் அந்தப் பக்கமாக வந்தவள், ஏதோ மறந்ததுபோல வந்த வழியே திரும்பிப் போனாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றான். "இது சரியாகாது. சரியாகவும் வேண்டாம்."

"வேண்டாம்" என்றாள் அவளும், மெல்ல.

கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்குக் கொண்டுவர ஒன்றுமில்லையே, எதைச் சாக்குச் சொல்லிக்கொண்டு வருவது என்று கேட்டான்.

"நீங்க வந்தா போதும்" என்றாள்.