ஏழாம் பெட்டிக்கு மின்சாரம்

பழைய சுவிட்சின் இரண்டு ஜோடிக் கம்பிகளையும் கழற்றிய பிறகும் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அனுசியா சற்றுப் பொறுத்தாள். மின்சாரம் போன பின்னும் உள்ளே தங்கியிருக்கும் மின்னேற்றம் ஓரிரு நொடி விளக்கைத் தாங்கிப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். விளக்கு அணையவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம்.

வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்ச் அல்ல அது. சோலார் பண்ணையின் தகவல் கம்பிகள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச், உள்ளங்கை அகல இரும்புக் கட்டி. ஒரு பக்கம் மின்சாரம் போனாலும் மறுபக்கம் ஓடட்டும் என்று இரண்டு ஜோடிக் கம்பிகளில் சப்ளை கொடுத்திருப்பார்கள். அந்த இரண்டும் இப்போது வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"அண்ணே, ரெண்டு சப்ளையும் கழட்டிட்டேன். லைட்டு அணைய மாட்டேங்குது."

பண்ணையின் மின்பெட்டிகளில் ஏழாவதன் முன் நின்ற சந்தனம் மறுமுனையில் சிரித்தார். "ஏத்தா, பிசிக்ஸு படிச்ச புள்ள நீ. நானு ஐ.டி.ஐ. என்னையப் போயிக் கேக்குறியே?"

"நெசமாத்தாண்ணே."

"பழசுதான? தூக்கி ஓரமாப் போடு. புதுச மாட்டு. நா இங்க பவர் யூனிட்டு மாத்திக்கிட்டு இருக்கேன். கையி உள்ள இருக்கு. நாஞ் சொல்லாம லைனக் குடுத்துறாத தாயி, எம்பொண்டாட்டி ஒன்னயச் சும்மா விட மாட்டா."

ஏழாம் பெட்டிக்குப் போகும் மின்சாரத்தின் பிரேக்கர் ஆறாம் பெட்டியில், அவள் முகத்துக்கு நேரே இருந்தது. இடையில் அரைக் கிலோமீட்டருக்கு சோலார் தகடுகள் வரிசை வரிசையாகக் கவிந்து கிடந்தன. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பகலில் நெட்வொர்க்கை நிறுத்த அனுமதி கிடையாது என்பதால் இந்த வேலையெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

பருத்தியும் கம்பும் விளைந்த கரிசல் அது. இப்போது தகடுகளுக்கு அடியில் புல்கூட முளைப்பதில்லை. திருச்சுழிப் பக்கம் அடிவானத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. வேலிக்கு அப்பால் கருவேலங்காடு கறுத்துக்கொண்டே வந்தது. பகலெல்லாம் காய்ந்த தகடுகள் சூடு ஆறும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக டிக், டிக் என்று சொடுக்கிக்கொண்டன, யாரோ விரலில் நெட்டி எடுப்பதுபோல.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழகியதுதான். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஒற்றை அறை, இங்கே இந்தத் தகடுகள். சில நாட்களில் வாக்கி டாக்கியில் பேசும் நாலு வார்த்தை தவிர அவள் வாயிலிருந்து வேறு பேச்சே வருவதில்லை. இரவில் படுத்தபடி அந்த நாலு வார்த்தையையும் சரியாகத்தான் பேசினோமா என்று திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

பழைய சுவிட்சில் கடைசியாக ஒரு கம்பி இருந்தது, ஏழாம் பெட்டிக்குப் போகும் கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டும்தான் போகும், மின்சாரம் போகாது. அதையும் உருவினாள். கம்பி வரும் குழாயின் வாயிலிருந்து குளிர்ந்த காற்று விரலில் பட்டது. ஈரச் சேற்று வாடை. இந்த மண்ணில் மழை விழுந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

எந்தக் கம்பியும் இல்லாத இரும்புக் கட்டி அவள் உள்ளங்கையில் பச்சையாக எரிந்தது.

அதைத் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் குப்புறக் கவிழ்த்தாள். விளிம்பைச் சுற்றிச் சாக்கு பச்சையாகத் தெரிந்தது.

வேலையைப் பார்ப்போம் என்று புதிய சுவிட்சைப் பெட்டிக்குள் இருந்த இரும்புப் பட்டையில் பொருத்தினாள். முதலில் எர்த் கம்பி. பிறகு முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி. திருகுகளை இறுக்கி, ஒவ்வொரு கம்பியையும் லேசாக இழுத்துப் பார்த்தாள். கண்ணாடி இழையைச் செருகிவிட்டுச் சப்ளை கொடுத்தாள். விளக்குகள் ஒழுங்காக வந்தன.

ஏழாம் பெட்டிக்கான விளக்கும் வந்தது.

அது வரக்கூடாது. மறுமுனையில் இருக்கும் சுவிட்ச் உயிரோடு இருந்தால்தான் அந்த விளக்கு எரியும். ஏழாம் பெட்டிக்கு இன்னும் மின்சாரமே போகவில்லை. பிரேக்கர் கீழே இறங்கித்தான் இருந்தது, அவளே இறக்கியது. ஆனாலும் விளக்கு சிமிட்டியது. நின்று, சிமிட்டி, நின்று. ஒருவர் பேசி நிறுத்தி, மறுபடி பேசுவதுபோல.

"அண்ணே?" என்றாள் மெல்ல. வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தக்கூட இல்லை.

விளக்கு இரண்டு முறை சிமிட்டியது.

உடனே வாக்கி டாக்கி பேசியது. "தாயி, லைனக் குடு. கையி வெளிய இருக்கு."

சந்தனத்தின் குரல்தான். ஆனால் அதில் இரைச்சல் இல்லை. பின்னால் காற்று இல்லை. காதுக்குள் வந்து சொன்னதுபோல் இருந்தது.

லைன் கொடுப்பதற்கு முன் மறுமுனையில் இருப்பவர் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்பது பண்ணையின் விதி. ஒரே அலைவரிசையில் பல பேர் பேசுவார்கள், குரல் மாறிப் போகும். வேலைக்கு வந்த புதிதில் அவள் சந்தனத்திடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். "எம்பேரு ஒனக்குத் தெரியாதா? ரேசன் கார்டக் கொண்டாரவா?" என்று அவர் கேட்க, மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அப்பா வயதுக்காரரிடம் பேர் கேட்டோமே என்று அவளுக்கு முகம் எரிந்தது. அதன்பிறகு கேட்டதே இல்லை.

இப்போது கேட்கலாம். கேள்வி தொண்டைவரை வந்தது. அவர் மறுபடி சிரிப்பார்.

"குடுக்குறேண்ணே," என்றாள்.

பிரேக்கரை மேலே தள்ளினாள். டக்.

தகடுகளின் டிக் டிக் சத்தம் நின்றது. எல்லாத் தகடும் ஒரே நேரத்தில்.

"அண்ணே, வந்திருச்சா?"

"தாயி, லைனக் குடு. கையி வெளிய இருக்கு."

அதே வார்த்தை. அதே ஏற்றம், அதே இறக்கம்.

"குடுத்துட்டேண்ணே."

"தாயி, லைனக் குடு. கையி வெளிய இருக்கு."

பிரேக்கரை அடித்து இறக்கினாள். டார்ச்சை எடுத்தாள். ஓடினாள்.

வரிசைக்கு நடுவே ஓடினாள். டார்ச் வெளிச்சம் தகடுகளில் பட்டுத் தெறித்து இருபுறமும் கூடவே ஓடியது. சேற்று வாடை கூடவே வந்தது. செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள். கரிசல் வெடிப்பு உள்ளங்காலைக் கிழித்தது. கையில் வாக்கி டாக்கி இடைவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தது. குடு. குடு.

ஏழாம் பெட்டி.

சந்தனம் நின்றுகொண்டிருந்தார்.

விழவில்லை. முதுகு தெரிந்தது. வலது கை மணிக்கட்டுவரை பெட்டிக்குள். மயிர் பொசுங்கிய நாற்றம். சட்டைக் காலருக்குள்ளிருந்து மெல்லிய புகை. பெட்டிக்குள் பச்சை வெளிச்சம். மின்சாரம் இல்லை. அவள் நிறுத்திவிட்டாள். இருந்தும் பச்சை.

அவர் இடுப்பில் செருகியிருந்த வாக்கி டாக்கி பேசிக்கொண்டிருந்தது.

பெண் குரல்.

"லைன நிறுத்தித்தாண்ணே வச்சிருக்கேன். பயப்படாம கைய உள்ள விடுங்க."

அவள் குரல்.

அனுசியா வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடுகள் மூடியிருந்தன.

"அண்ணே, வேணாம்! அது நா இல்ல!"

பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. குரல் வெறும் காற்றாகக் கிழிந்து வெளியே வந்தது. அவர் திரும்பவில்லை.

அவர் இடுப்பிலிருந்து அவள் குரல் மறுபடி பேசியது. அமைதியாக. கொஞ்சம் கூச்சத்தோடு. அவள் எப்போதும் பேசுவதுபோலவே.

"அந்தக் கையையும் விடுங்கண்ணே."

அவள் கையில் இருந்த வாக்கி டாக்கி சந்தனத்தின் குரலில் பதில் சொன்னது.

"சரித்தா."

சந்தனத்தின் இடது கை மெல்ல எழுந்தது. ஒவ்வொரு விரலாக விரிந்தது. பச்சை வெளிச்சத்துக்குள் போனது.