இடப்பக்க நாற்காலி

காலையில் அவள் அறைக்குள் வந்தபோது இடப்பக்க நாற்காலி சுவரை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது. உட்கார்ந்த ஆள் கால் எட்டவில்லை என்று இழுத்துப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

சுவரில் விமானி அறையின் படத்தை நிஜ அளவில் ஒட்டியிருந்தாள். பிள்ளை பெற்று, உடம்பு தேறி, இரண்டு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பும் துணை விமானி அவள். கை மறந்துவிடக் கூடாதென்று படத்தின் முன்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளைப் போட்டுப் பழகினாள். வலப்பக்கம் அவள். இடப்பக்கம் கேப்டன், அதாவது யாருமில்லை.

"நாற்காலிய நீங்க நகர்த்தினீங்களா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"நான் எதுக்கு நகர்த்துறேன்? பழகுறப்ப காலி நாற்காலிகிட்ட என்ன மரியாதையா பேசுற! நானும் இந்த வீட்ல நாற்காலியா பொறந்திருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் நடந்தது நினைவுக்கு வந்தது.

விமானத்தைக் கை மாற்றும்போது ஒருவர் "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்று சொல்ல வேண்டும். மற்றவர் "கண்ட்ரோல் என்கிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஓட்டுகிறார் என்று இவரும், இவர் ஓட்டுகிறார் என்று அவரும் சும்மா இருந்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு பேருடைய வார்த்தையையும் அவளே சொல்லிக்கொள்வாள். நேற்று "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்று கொடுத்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. போட்டது போட்டபடி ஓடினாள். தொட்டிலருகே குனிந்து, முடியை அள்ளி முடிவதற்காகக் கிளிப்பைப் பல்லில் கடித்திருந்தபோது அந்த அறையிலிருந்து பதில் வந்தது.

"கண்ட்ரோல் என்கிட்ட."

அவளுடைய குரல். அதனால்தான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளிப் வாயில் இருந்தது பிறகுதான் உறைத்தது.

இப்போது கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் படத்தின் மேல் விழுந்து பசை காய்ந்த வாசனை வர வேண்டிய இடத்தில், சூடேறிய கம்பியும் பழைய தோல் இருக்கையும் ஆறிப்போன காபியும் கலந்த, அவள் இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்த அந்த விமானி அறை வாசனை மெல்ல வந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"கண்ட்ரோல் என்கிட்ட," என்றாள்.

நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது.

அன்று மதியம், வேலைக்குத் திரும்பும் முன் செய்யும் பரிசோதனையில், கம்பெனி மருத்துவர் கடைசியாக ஒன்று கேட்டார். "தூக்கம் எப்படி? மனசுல ஏதாவது பயம்?"

சொன்னால் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு திரும்பக் கிடைக்காது.

"ஒண்ணுமில்ல, டாக்டர்."

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. கேப்டன் நல்ல மனிதர், வாய் ஓயாத ஆள். பின்னால் விமானம் நிறையப் பயணிகள். மேலே ஏறியதும் அவர் தானியங்கியை அணைத்தார்.

"கொஞ்ச நேரம் கையாலயே ஓட்டிப் பாருங்க. ரெண்டு வருஷத்துல மறந்தா போயிடும்? கண்ட்ரோல் உங்ககிட்ட."

அவள் வாயைத் திறந்தாள்.

"கண்ட்ரோல் என்கிட்ட."

அவளுடைய குரல்தான். வந்தது பின்னாலிருந்து. சுவரோடு மடிந்திருந்த, மூன்றாம் ஆளுக்கான காலி இருக்கைப் பக்கமிருந்து.

கேப்டன் தலையசைத்துக் கைகளை எடுத்தார். வெயில் மறைப்பை இறக்கினார்.

அவள் கையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும். இப்போதாவது. நாக்கு புரளவில்லை.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. குலுங்காமல், அழகாக.

"அட, கை அப்படியே இருக்கே!" என்றார் கேப்டன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

பழைய தோல். ஆறிய காபி. காதுக்குப் பின்னால் மூச்சு.

அவருடைய கைகள் மடியில் இருந்தன. அவளுடைய கைகளும் மடியில் இருந்தன. இருவர் முன்னாலும் இருந்த, விமானத்தை ஓட்டும் கைப்பிடிகள் ஒன்றாக, நிதானமாக, விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியபடி முன்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன.