நாற்பத்திரண்டாவது வரி

அழித்த பெயர் மூன்றாவது தடவையாகத் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. இசை: தொம்மை.

அந்தோணி பிரபுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டுக்குள் பெயர் பொறிக்கும் கருவிக்குக் கணினியின் கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டிச் சலித்து, எல்லாப் பாட்டும் ஒரே பக்கத்தில் வரிவரியாகத் திறக்கிற மாதிரி ஒரு எடிட்டரை அவனே எழுதியிருந்தான். வரியைத் திருத்திச் சேமித்தால் பாட்டிலும் மாறிவிடும். தொம்மை பெயரை எடுத்துத் தன் பெயரைப் போட்டால் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளியனூர்த் திருவிழாவில் சிடி வெளியீடு. ஐந்து மணிக்குள் பட்டியல் திண்டிவனம் அச்சகத்துக்குப் போக வேண்டும். நாற்பத்தொரு பாட்டுக்கும் மெட்டுப் போட்ட தொம்மை மாஸ்டர் போய் இரண்டு வருடம் ஆகிறது. எழுந்து வந்தா கேட்பார்?

“மெஷினாண்ட இன்னாத்துக்குங்க கத்திக்கினு கீறீங்க?” டீயை வைத்தாள் அவன் மனைவி வெனிலா.

“செத்தும் பேஜாரு பண்றான் அந்த ஆளு. பன்னெண்டு வருசம் பக்கத்துல நின்னு கீபோர்டு வாசிச்சேன். ஒரு தபா என் பேர மைக்ல சொன்னானா?”

“இனிமே வந்து சொல்லப் போறாராக்கும்” என்று உள்ளே போனாள்.

மின்விசிறி உரசும் சத்தத்துக்கு நடுவே, மெட்டெடுக்கும் முன் தொம்மை வழக்கமாக இருமும் இரண்டு இருமல் கேட்டதுபோலிருக்க, எங்கிருந்தோ மெழுகு கருகும் வாடை வர, பிரபு ஆத்திரத்தில் பட்டியல் முழுக்கத் ‘தொம்மை’ இருக்கும் இடமெல்லாம் ‘அந்தோணி பிரபு’ என்று ஒரே தட்டில் மாற்றிச் சேமித்தான்.

இந்தத் தடவை ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு மாற்றங்கள் என்றது திரை.

நாற்பத்தொன்றுதானே?

கடைசி வரிக்கு இறங்கினான். தொம்மை செத்த அன்று கோயில் மைக்கில் சொன்ன அறிவிப்பைச் செல்போனில் பிடித்து அதே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தான்.

மரண அறிவிப்பு: அந்தோணி பிரபு.

அழிக்கக் கை நீட்டினான். கை வரவில்லை.

கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டு இருமல்.

“நம்ம பங்கைச் சேர்ந்த அந்தோணி பிரபு இறைவனில் இளைப்பாறினார்.” தொம்மையின் குரல். நிதானமாக, இரண்டு தடவை சொன்னது.

வெனிலா வந்தாள். தலைவிரிகோலம். காதில் போன். அவன் கத்தினான். அவள் நிமிரவில்லை.

“பொட்டி ஜல்தி வரணுங்க. அளவா? இருங்க, பாத்து சொல்றேன்.”

தையல் டேப்பின் சில்லென்ற முனை அவன் உச்சந்தலையில் பதிந்தது. நாற்காலியில் மடங்கியிருந்த கால்கள் தாமாகவே நீண்டு கொடுத்தன.