கறுப்பை வரையாத கண்ணாடி

கணவர் இறந்த பத்தொன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்லு மாதிரி இருக்கா" என்று மாமியார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடம் பழைய ஆஸ்பத்திரி வார்டு. எத்தனை கழுவினாலும் பினாயில் வாடை போகாது. சோதனைக்கு வருகிறவர்கள், எதிரே தெரியும் அறையோடு கணினி உருவங்களையும் சேர்த்துக் காட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரிவதைச் சொல்ல வேண்டும். நடுநடுவே எதையும் காட்டாமல் விடுவோம். அப்போதும் ஏதோ தெரிகிறது என்றால், 'தவறு' என்று குறித்துக்கொள்வேன். மனிதக் கண்ணுக்குக் கற்பனை ஜாஸ்தி.

காலையில் வந்த டீச்சர், "கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தர் உங்க பின்னால நிக்கிறாரு" என்றார். தவறு.

அடுத்து வந்த பஸ் டிரைவரும் அதையே சொன்னார். தவறு என்று எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கண்ணாடி ஒளியை மட்டுமே கூட்டும். அதனால் கறுப்பை வரையவே முடியாது.

மூன்றாவது ஆள் தையல்காரர்.

"பட்டனை ஒண்ணு தள்ளிப் போட்டிருக்காரும்மா. கழுத்துக்கிட்ட தூக்கிட்டு நிக்குது."

பிணவறையில் என் கணவருக்குக் கறுப்புச் சட்டையை மாட்டியது நான். பட்டன் மாறியதைக் கவனித்தபோது வண்டி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பினேன்.

சுவர்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. கண்ணாடியைத் தையல்காரரிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அதே சுவர்.

ஊருக்கெல்லாம் தெரிகிறார், கட்டியவளுக்கு மட்டும் இல்லை. உயிரோடு இருந்தபோதும் என்னிடம்தான் கண்ணாமூச்சி ஆடுவார்.

"போயிட்டாரா?" என்று மெல்லக் கேட்டேன்.

தையல்காரர் வெறும் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. உங்க இடது கையைப் பிடிச்சிட்டிருக்காரு. இறுக்கி. உங்க விரலே தெரியல."

எனக்கு ஐந்து விரலும் தெரிந்தன. உணர்ச்சிதான் இல்லை.

இன்றுவரை அந்தக் கை மரத்தே இருக்கிறது. நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார் டாக்டர். தினமும் காலையில் மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம் புதிதாகச் சிவந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்கிறேன்.

வலித்தால்கூடத் தேவலை.